மூச்சு வாங்காத ஓட்டக்காரன்

பழக்கம் விட்டுப்போனதால்தான் மூச்சு முட்டுகிறது என்று நான் மாதக்கணக்கில் நம்பினேன். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்த நம்பிக்கைதான். ஒரு காலத்தில் நன்றாக ஓடிவிட்டு, பிறகு விட்டுவிட்டு, ஏதோ ஒரு வேகத்தில் மறுபடி கேன்வாஸ் ஷூவைத் தேடி எடுக்கிறவர்கள் எங்கேயாவது இருப்பார்கள். அவர்களுக்கும் இதே நம்பிக்கை வரும். வரட்டும். ஆனால் முதலில் ஒரு டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வந்து, அப்புறம் நம்பட்டும்.

என் பெயர் ராகவன். திருவள்ளூர் கடைத்தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் ஊர்ப் பெருமாள் பெயர் அது. எங்கள் குடும்பத்தார் ஸ்ரீபாதம் தாங்கிகள். பெருமாள் வீதிக்குப் புறப்படும்போது பல்லக்கின் தண்டுக்குத் தோள் கொடுப்பது எங்கள் வேலை. மற்ற நாட்களில் அவரவர் பிழைப்பு அவரவருக்கு. எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. உற்சவம் என்றால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

தண்டுக்குக் கீழே நுழைந்துவிட்டால் எங்கள் அப்பா வைத்த விதி ஒன்று உண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்கக் கூடாது. மேலே பெருமாள் இருக்கிறார், நம் எச்சில் மூச்சு அவர்மேல் படக்கூடாது என்பார். எவ்வளவு பாரம் ஏறினாலும் உதட்டை ஒட்ட வைத்துக்கொண்டு மூக்கால் இழுத்து மூக்கால் விட வேண்டும். முடியவில்லை என்றால் தண்டின் அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. பக்கத்தில் வெறுந்தோளோடு நடந்து வருகிறவன் சத்தமில்லாமல் உள்ளே நுழைவான், தட்டியவன் வெளியே வருவான். ஆள் மாறியது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தட்டுவதில் அவமானம் ஒன்றுமில்லை என்று அப்பாவே சொல்லுவார். ஆனால் பையன்களுக்குள் போட்டி இருந்தது. யார் தட்டாதவன் என்பதில்தான் போட்டி. நான் தட்டாதவன்.

அந்த மூச்சுதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரனாக்கியது. அறுபதுகளின் நடுவில், மைல் ஓட்டத்திலும் அதற்கு மேல் நீண்ட ஓட்டங்களிலும் எங்கள் பக்கத்தில் என்னை முந்த ஆள் இல்லை. மற்றவர்கள் நாக்கைத் தள்ளிக்கொண்டு வரும்போது நான் வாயை மூடிக்கொண்டு, ஏதோ கடைக்குப் போய் வந்தவனைப் போல வந்து நிற்பேன். அந்தத் திமிர் இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. மறைப்பானேன்?

பிறகு ஏன் விட்டேன் என்று கேட்டால் சொல்லும்படியான காரணம் இல்லை. யாரும் தடுக்கவில்லை. காலில் அடிபடவில்லை. தொழிற்சாலையில் சேர்ந்தேன், ஷிப்ட் வந்தது. காலையில் எழுந்தால் நாளைக்கு ஓடலாம் என்று தோன்றியது. மாலையில் டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். கல்யாணம் ஆயிற்று. பெரியபாளையம் பக்கத்து ஆரணியிலிருந்து அலமேலு வந்தாள், பிறகு கோதை பிறந்தாள். இப்படியே பத்து வருஷம் போயிற்று. தூக்கம் பிடித்தவன் ஸ்டேஷனைத் தவறவிட்ட கதைதான்.

அந்தச் சமயத்தில் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் சேர்ந்து பொங்கலையொட்டி ஒரு சாலை ஓட்டம் வைத்தார்கள். கவரைப்பேட்டையில் ஆரம்பித்துக் கும்மிடிப்பூண்டியில் முடியும். நான் கையில் டீ கிளாசோடு ரோட்டோரம் நின்று பார்த்தேன். முதலில் வந்தவனைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அவன் என் பள்ளிக்கூட ஓட்டத்துக்குப் பாதி வரமாட்டான். தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அவனுக்குப் போய் மாலை! அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அலமேலுவிடம், அடுத்த வருஷம் நான் ஓடப்போகிறேன் என்றேன்.

"இன்னாத்துக்கு? நாய் தொரத்துதா?" என்றாள்.

"இல்லடி, பந்தயம்."

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா கீது. ஓடு, ஓடு. பின்னால காலு வலிக்குது, எண்ணெ தேச்சு விடுன்னு எங்கிட்ட வராத."

ஆனால் மறுநாள் விடியற்காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே எழுந்து கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தாள். அவள் குணம் அப்படி.

எங்கள் தொழிற்சாலை அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் தாமஸ். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நல்ல மனிதர், குரல்தான் பெரியது. ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் எங்களைச் சுற்றவிடுவார். களைப்பை அளக்க அவரிடம் ஒரே வழிதான் இருந்தது. வாயைப் பார்ப்பார். வாயைத் திறந்து இரைக்கிறவனை உட்காரச் சொல்வார். மூடியவனை மறுபடி ஓடச் சொல்வார்.

"வாய் தொறந்தவன்லாம் உக்காரு! ராகவன், நீ இன்னொரு ரவுண்டு! பாருங்கடா, மனுசன் வாயத் தொறக்கல!"

மற்றவர்கள் புல்லில் சாய்ந்துகொண்டு கை தட்டுவார்கள். நான் இன்னொரு ரவுண்டு போவேன். முதல் சில வாரங்களிலேயே உள்ளே ஏதோ சரியில்லை என்று உடம்பு சொன்னது. மேட்டில் ஏறினால் நெஞ்சுக்குள் ஈரத்துணியைத் திணித்ததுபோல் இருக்கும். இதயம் தாளம் தப்பி அடிக்கும். படுத்தால் மூச்சு அடைக்கும், ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. வறட்டு இருமல் வேறு. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு சமாதானம் இருந்தது. பத்து வருஷத் துரு, உதிரும்போது வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டேன். மூச்சு முட்டுகிறதா, பயிற்சி போதவில்லை. இன்னும் முட்டுகிறதா, இன்னும் ஓடு. வியாதிக்கு வியாதியையே மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைத்ததில்லை. மூச்சு வாங்குவது வெளியே தெரியக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து பழகிய உடம்பு, தானாக மறைத்தது. அலமேலு மட்டும் தலையணைகளை எண்ணிவிட்டு, "இன்னா நீ, ராஜா மாதிரி சாஞ்சிகினு தூங்குற?" என்று கேட்டாள். கழுத்து வலி என்றேன்.

ஒரு நாள் காலை, பனி இன்னும் விலகாத நேரம். தாமஸ் வழக்கம்போல் இன்னொரு ரவுண்டு என்றார். பாதிச் சுற்றில் தொண்டைக்குள் வெதுவெதுப்பாக ஏதோ பொங்கி வந்தது. இருமல் முட்டியது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. விழுங்கினேன். உப்புக் கரித்தது. இன்னும் கொஞ்சம் ஓடினேன். மறுபடி பொங்கியது. வாய் மூடியிருந்ததால் அது மூக்கு வழியாக வந்தது. பனியனில் சிவப்பாக நுரை. நான் அதைப் பார்த்துக்கொண்டே ஓடியதாகவும், தாமஸ்தான் குறுக்கே வந்து கட்டிப்பிடித்து நிறுத்தியதாகவும் பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது அவர் முகம் வெளுத்துப்போனதுதான்.

"இன்னா மேன் இது? இன்னா மேன்?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு அவரிடம் இல்லை.

இருமலில் ரத்தம் என்றால் அந்த நாளில் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான், காசநோய். ஊர் டாக்டரும் அதைத்தான் சந்தேகப்பட்டார். காலையில் எழுந்ததும் வரும் சளியைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை காத்திருந்த நாட்களில் அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளைக் கோதையோடு விளையாடவிடவில்லை. என் டம்ளரைத் தனியாக வை, தட்டைத் தனியாக வை என்று அலமேலுவுக்குப் புத்தி சொன்னார்கள். பக்கத்து வீட்டம்மா வந்து நின்று அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, நான் குடித்து மிச்சம் வைத்த காப்பியை எடுத்து அலமேலு மடமடவென்று குடித்தாள். டாக்டர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அப்புறம்தான் டாக்டர் என்னை இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, குழாயை நெஞ்சின் ஓர் ஓரத்தில் வைத்து நீண்ட நேரம் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து கையைத் துடைத்தபடி, "நீ மெட்ராஸ் போ" என்றார். காசநோய் இல்லை என்ற சந்தோஷம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடம் ஒரு நீளமான தாழ்வாரம். பெஞ்சில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் சுவர்தான். பெயர் கூப்பிடுகிறவர் ராகவன் என்று கூப்பிட்டபோது அங்கேயும் இரண்டு பேர் எழுந்தார்கள். அலமேலுவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் சோதனைகள். நெஞ்சிலும் கை கால்களிலும் ஒயரை மாட்டி இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக எடுத்தார்கள். சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒன்றைக் குடிக்கச் சொல்லி, அது தொண்டை வழியாக இறங்கும்போது எக்ஸ்ரே எடுத்தார்கள். உணவு போகிற குழாயை வீங்கிய இதயம் பின்பக்கமாகத் தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பதற்காம். தள்ளியிருந்தது.

எனக்கு விஷயத்தை விளக்கியவர் ஒரு இளம் பெண் டாக்டர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பொறுமைசாலி. இதயத்தில் நாலு அறை, இடது பக்கத்து மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. இரண்டு விரல் தாராளமாக நுழைகிற அளவு அது திறக்க வேண்டும். எனக்கு அதன் ஓரங்கள் ஒட்டிப்போய், மீன் வாய் அளவுக்குத்தான் திறக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் எப்படியோ சமாளிக்கும். ஓடினால் ரத்தம் கதவுக்கு முன்னால் தேங்கி, பின்னால் நுரையீரலில் ஏறிக் கசியும். நான் விழுங்கியது அதைத்தான்.

"சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல், முட்டி வீக்கம்னு படுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

ஒன்பது, பத்து வயதில் படுத்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு முட்டி வீங்கும், நாளைக்கு அது வடிந்து இன்னொன்று வீங்கும். வாயு என்று சொல்லி எண்ணெய் காய்ச்சித் தடவினார்கள். சரியாகிவிட்டது. முட்டியை விட்டுவிட்டு அது இதயத்தில் போய் உட்கார்ந்தது யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் வைத்திருக்கிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொண்டை வலிக்குப் பின்னால் முட்டி வீங்கினால் எண்ணெயோடு நிறுத்தாதீர்கள்.

"ஓடினதுனால வந்துச்சா டாக்டரம்மா?"

"இல்லை. ஓடினதுனால தெரிஞ்சுது. ஓடாம இருந்திருந்தா இன்னும் முத்திப்போய், ஒருநாள் ரத்தக் கட்டி மூளைக்குப் போய் விழுந்திருப்பீங்க."

அதைக் கேட்டு அலமேலு கை எடுத்துக் கும்பிட்டாள். நானும் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை. அந்தக் கதவு எப்போதிலிருந்து மூட ஆரம்பித்தது என்று கேட்டேன்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "மெதுவாத்தான் மூடும். வருஷக்கணக்கா. நீங்க பள்ளிக்கூடத்துல ஓடினப்போ அனேகமா நல்லாவே திறந்திருக்கும். அதுக்கப்புறமும் அஞ்சாறு வருஷம் உங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நல்லா ஓடியிருப்பீங்க."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். சாவைப் பற்றிய பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அஞ்சாறு வருஷம்! இருபது வயது, இருபத்தோரு வயது, இருபத்திரண்டு. உள்ளே கதவு சாத்திக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் நான் வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாளைக்கு ஓடலாம், நாளைக்கு ஓடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எவனாவது தடுத்திருந்தால் அவனைத் திட்டலாம். கால் ஒடிந்திருந்தால் விதியைத் திட்டலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை.

அலமேலுவிடம் சொன்னபோது கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "கண்ணு கெட்ட பின்னால சூரிய நமஸ்காரமா? பொழச்சி எழுந்து வர வழியப் பாரு. ஓடினாராம், ஓடாம உட்டாராம்." சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிச் சோற்றில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பிசைந்து கொடுத்தாள். எனக்கு உப்பு கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று எவன் சொன்னானோ, அவன் நிச்சயம் அந்த வார்டில் சாப்பிட்டிருக்கிறான்.

ஆபரேஷன் என்று முடிவாயிற்று. இடது மார்பைப் பக்கவாட்டில் திறந்து, ஓடிக்கொண்டிருக்கிற இதயத்துக்குள்ளேயே விரலை விட்டு, ஒட்டிப்போன கதவைப் பிரித்துவிடுவார்களாம். விரலால். நான் நம்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த சுப்பையாதான் நம்ப வைத்தார். தடா பக்கத்துக்காரர், ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். எனக்கு முன்பே அதே ஆபரேஷன் ஆகித் தேறிக்கொண்டிருந்தார். சட்டையைத் தூக்கி முதுகுவரை வளைந்த தையலைக் காட்டி, "பயப்படாத நைனா. டாக்டரு வெரலு உள்ள போவும்போ உனுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா நீ பேசிகினு இருக்கமாட்டே" என்றார். அது தைரியம் சொன்னதா, பயமுறுத்தியதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டி வரச் சொன்னார்கள். அலமேலு திருவள்ளூருக்குச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் காலை வண்டியில் என் பெரியப்பா மகன் வரதண்ணன் தலைமையில் தண்டுக்காரர்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். எல்லோரும் ஒரே உயரம். உயரம் பார்த்துத்தான் தோளுக்கு ஆள் பிரிப்போம். நெற்றியில் நாமத்தோடு அத்தனை பேரும் வரிசையாக வார்டுக்குள் வந்ததைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் செத்துவிட்டார் என்று நினைத்து இரண்டு நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். ரத்தம் எடுக்கும் அறையில் வரதண்ணன்தான் முதலில் போனார். ஊசியைப் பார்த்ததும் மடக்கென்று சாய்ந்துவிட்டார். அத்தனை பெரிய உடம்பை இரண்டு நர்ஸ்கள் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து, மறுபடியும் கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

என் கட்டிலருகே வந்து உட்கார்ந்து, ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஏதேதோ பேசினார்கள். மற்றவர்கள் காப்பி குடிக்க வெளியே போன பிறகு மெல்லக் கேட்டார்.

"போன உற்சவத்துல எனக்கு நேரா நீதான் எதிர்த்தண்டுல இருந்தே. அப்பவே முடியலையா ராகவா?"

"ஆமாண்ணே."

"வெறுந்தோளோட பக்கத்துலயே ஆளு வந்துகினு இருந்தான். தட்டியிருக்கலாமேடா."

"ரெண்டு தட்டு. அவ்ளோதானடா," என்றார் மறுபடி. அழுதுவிடுவாரோ என்று பயந்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்கு என்மேல் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு நான் தகுதியானவன்தான்.

ஆபரேஷன் அன்று காலை அலமேலு என் நெற்றியில் திருமண் இட்டாள். நர்ஸ் வந்து துடைத்துவிட்டார். அவர் போனதும் மறுபடி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, ஈர விரலால் கோடு மட்டும் இழுத்தாள். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு போகும்போது கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கோதை முகத்தை நினைக்க முயன்றேன், வரவில்லை. அதுதான் அன்றைக்கு மிகப் பயமாக இருந்தது.

விழித்தபோது விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டில் தண்ணீருக்குள் போயிருந்தது. மூச்சு விட்டால் பாட்டிலில் குமிழி வரும். நெஞ்சுக்குள் தேங்கிய காற்றும் ரத்தமும் வெளியேற அந்த வழி. மூச்சை இழுத்தால் விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. ஆனால் அந்த வலிக்கு அடியில் ஒரு புது விஷயம் இருந்தது. நெஞ்சுக்குள் இருந்த ஈரத்துணியைக் காணோம். காற்று அடிவரை போயிற்று. எத்தனை வருஷமாயிற்றோ அப்படி மூச்சு விட்டு!

இரண்டாம் நாள் இருமச் சொன்னார்கள். இருமிச் சளியை வெளியே தள்ளாவிட்டால் நுரையீரல் சுருங்கிக் காய்ச்சல் வந்துவிடும். தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, அடிவயிற்றிலிருந்து இரும வேண்டும். சுப்பையா பக்கத்துக் கட்டிலிலிருந்து செய்து காட்டினார். எனக்கு வரவில்லை. இருமல் வரும்போதெல்லாம் உதடு தானாக ஒட்டிக்கொண்டது. நர்ஸ் திட்டினார். டாக்டரம்மா கெஞ்சினார். மாலையில் காய்ச்சல் ஏற ஆரம்பித்தது. அலமேலு என் தாடையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இங்க மேல பெருமாளு இல்ல. ஃபேனுதான் கீது. தொற வாய!"

வார்டே சிரித்தது. நானும் சிரிக்கப் போய், சிரிப்பு இருமலாகி, வாய் திறந்துகொண்டது. அன்றைக்கு நான் இருமிய இருமலை அந்தத் தாழ்வாரம் முழுதும் கேட்டிருக்கும். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வலியால் மட்டும் இல்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் பெரிய டாக்டர் சுற்றி வந்தார். என் இதயத்துக்குள் விரல் விட்டவர் அவர்தான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னக் கை. மனசுக்குள் பல நாளாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"சார், மறுபடி ஓடலாமா?"

கேஸ் அட்டையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "எங்கே?"

"பந்தயத்துல சார். இல்லாட்டி சும்மா. மெதுவா."

அவர் கேலி செய்யவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நட. எவ்வளவு வேணும்னாலும் நட. மாடி ஏறு. வேலைக்குப் போ, பாரம் தூக்காத வேலையா கேட்டு வாங்கிக்கோ. பென்சிலின் ஊசியை நிறுத்தாதே, அந்த முட்டிக் காய்ச்சல் மறுபடி வரக்கூடாது. ஓட்டம் வேண்டாம். நான் பிரிச்சுவிட்ட கதவு கொஞ்சங் கொஞ்சமா மறுபடி ஒட்டும். எவ்வளவு மெதுவா ஒட்டுதோ அவ்வளவு நல்லது உனக்கு."

சரி சார் என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அலமேலு பாத்திரங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். டிபன் கேரியரை மூட நெடுநேரம் எடுத்துக்கொண்டாள்.

தொழிற்சாலையில் தாமஸ் மேலிடத்தில் சொல்லி என்னைத் தன்னோடு ஸ்டோர்ஸில் போட்டுக்கொண்டார். அவர் என்னிடம் அந்தக் காலையைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் இப்போது மைதானத்தில் பையன்களின் வாயைப் பார்ப்பதோடு நிற்காமல் ஒவ்வொருவன் கையையும் பிடித்து நாடி பார்க்கிறாராம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. இடுப்பில் போட்டால் ஒரு நாள் முழுக்க நொண்ட வேண்டும். காலையில் ரோட்டோரம் நடக்கிறேன். நடப்பது நல்லதுதான். நல்லது என்பதற்குமேல் அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

போன தை அமாவாசைக்குத் திருவள்ளூர் போகக் கிளம்பினோம். தண்டுக்கு அல்ல, தரிசனத்துக்கு. வழியில் பெரியபாளையத்தில் பஸ் நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போனார். நாங்கள் இறங்கி சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கோதை கையில் முறுக்கு. நான் சில்லறை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் அவளைக் காணோம். பார்த்தால் பலூன்காரன் சைக்கிளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறாள். அவன் மெயின் ரோட்டில் திரும்புகிறான். எதிரே ஆரணிப் பக்கமிருந்து நெல் மூட்டை லாரி ஒன்று வருகிறது.

எழுந்தேன். இரண்டு எட்டு வைத்தேன். நெஞ்சு ஒரு முறை குதித்தது. அதற்குள் என் பக்கத்திலிருந்து அலமேலு பாய்ந்துவிட்டாள். செருப்பு ஒன்று அங்கே, ஒன்று இங்கே. புடவையை முழங்காலுக்குமேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை ஆட்டிக்கொண்டு, "ஏய் லாரிக்காரா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. குதிகாலைத் தரையில் தப்புத்தப்பென்று அடித்துக்கொண்டு, உடம்பை முழுக்கப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு, செய்யக் கூடாததையெல்லாம் செய்துகொண்டு ஓடினாள். பிள்ளையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அது அவ்வளவு பக்கத்தில்கூட வரவில்லை என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் இரண்டு எட்டு வைத்த இடத்திலேயே நின்றிருந்தேன்.

திரும்பி வந்து பிள்ளையை என் மடியில் போட்டு, பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். வாயைத் திறந்து இரைத்தாள். முகமெல்லாம் வேர்வை. சோடாவை வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தாள், பாதி புடவையில் கொட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை.

"யப்பா! உசுரு போவுது. இதப் போயாய்யா நீ ஆசப்பட்டு செஞ்சே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். இதை ஆசைப்பட்டு ஏன் செய்தேன் என்று கேட்டிருந்தால்கூட ஒருநாள் உட்கார்ந்து சொல்லிவிடலாம். செய்ய முடிந்த வருஷங்களில் ஏன் செய்யாமல் இருந்தேன் என்று அவள் கேட்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. டிரைவர் ஹாரன் அடித்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுடைய செருப்பு இரண்டையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு மெதுவாக நடந்தேன்.